ஊரே எங்கள் பாடநூல்

“ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது” என்பது நம் முன்னோர் வாக்கு. சுரைக்காயை ஏட்டில் படிப்பதோடு நில்லாமல், அது கொடியில் காய்த்துத் தொங்குவதையும் குழந்தைகள் பார்க்க வேண்டாமா? அந்த எண்ணத்தோடு மூன்றாம் வகுப்புச் செல்வங்கள் முப்பத்திரண்டு பேரும் நானும் இந்த ஆண்டு மேற்கொண்ட சிறு பயணங்களைப் பற்றி நம் ஆண்டு மலரில் எழுதும்படி தலைமையாசிரியைச் சகோதரி பணித்தார்கள். மகிழ்வோடு எழுதுகிறேன்.

சுற்றுலா என்றவுடன் கன்னியாகுமரியும் கொடைக்கானலுமே நினைவுக்கு வரும். அவை அழகிய இடங்களே. ஆயினும் வண்டிச் செலவு, சாப்பாட்டுச் செலவு என்று கணக்குப் பார்க்கும்போது, தீப்பெட்டி ஆபீசுக்கும் காட்டு வேலைக்கும் போய்வரும் தாய்மார் பலர் தயங்கி நிற்பார்கள். பணம் கட்டியவள் பயணம் போவாள். கட்ட இயலாதவள் மறுநாள் அவள் சொல்லும் கதையைக் கேட்டுக்கொண்டிருப்பாள். எட்டு வயதுக் குழந்தைக்கு இதைவிடக் கசப்பான பாடம் உண்டோ?

ஆகவே ஜூன் மாதம் நடந்த ஆசிரியைகள் கூட்டத்தில் ஒரு முடிவு செய்தோம். எல்லாரும் போகக்கூடிய இடத்துக்கு மட்டுமே போவது. ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, தமிழ், கணக்கு, அறிவியல் அனைத்தையும் அதைச் சுற்றியே கற்பிப்பது. 2021-ஆம் ஆண்டு மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணம் இல்லை என்பது எங்களுக்குப் பெருந்துணையாயிற்று.

“நம்ம ஊர்ல பார்க்க என்ன டீச்சர் இருக்கு? வெறும் கரிசக்காடுதானே!” என்றாள் ஒரு சிறுமி. அக்கேள்விக்கு விடை தேடியதே எங்கள் ஓராண்டுப் பாடமாயிற்று.

காற்று

ஆனி, ஆடி மாதங்களில் கயத்தாற்றில் வீசும் காற்றை அறியாதவர் யார்? முதல் பாடம் அதுவே. பனையோலையைக் கிழித்து, கருவேல முள்ளில் செருகிக் காற்றாடி செய்தோம். கையில் காற்றாடியோடு ஊர் எல்லை வரை நடந்து, வானளாவ நிற்கும் காற்றாலைகளைப் பார்த்தோம். காற்றாலை இயந்திரங்களைச் சோதித்துப் பார்க்கும் மத்திய அரசின் நிலையம் நம் கயத்தாற்றில்தான் இருக்கிறது என்று சொன்னபோது குழந்தைகளின் கண்கள் விரிந்தன. ஒன்றுக்கு மூன்று இறக்கை என்றால் பன்னிரண்டு காற்றாலைக்கு எத்தனை? மூன்றாம் வாய்ப்பாட்டை அன்று யாரும் மனப்பாடம் செய்யவில்லை, எண்ணியே கற்றார்கள்.

“இவ்வளவு காத்து வருதே, மழை ஏன் வரல?” என்று ஒருத்தி கேட்டாள். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையின் பெரும்பகுதியைக் கேரளத்துப் பக்கம் மலையிலேயே பொழிந்துவிட்டு, செங்கோட்டைக் கணவாய் வழியாக இப்பக்கம் வருகிறது. நமக்கு மிஞ்சுவது காற்று. நம் பூமி வறண்டிருப்பது எவர் சாபத்தாலும் அல்ல, மலையும் காற்றும் அமைந்த விதத்தால்தான் என்பதை அப்பிஞ்சு உள்ளங்கள் அன்று அறிந்துகொண்டன.

எழுத்து

ஆகஸ்டு 15-ஆம் நாள் காமநாயக்கன்பட்டி பரலோக மாதா திருவிழா. கூட்டம் ஓய்ந்த பிறகு ஒரு காலைப்பொழுதில் அங்குச் சென்றோம். 1680-இல் இத்தாலியில் பிறந்து, தமிழ்நாட்டுக்கு வந்து, தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் பணிபுரிந்த தலம் அது. பழங்காலச் சுவடிகளில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு ஒரு புள்ளியே. ஓலையில் புள்ளி குத்தினால் கிழியுமென்று அதையும் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். இக்குழப்பம் நீங்க எழுத்தின் வடிவத்தையே மாற்றியவர் அவர் என்பர். கோயில் முற்றத்து மணலில் விரலால் “எடு, ஏடு”, “ஒடி, ஓடி” என்று எழுதிப் பார்த்தார்கள். பிறநாட்டார் ஒருவர் நம் மொழியை இவ்வளவு நேசித்திருக்க, எழுத்துப்பிழை செய்ய நமக்கு மனம் வருமா?

மண்

பள்ளி திறந்த வாரத்திலேயே காட்டில் வெடித்துக் கிடந்த கரிசல் பிளவுகளில் அளவுகோலை விட்டுப் பார்த்திருந்தோம். ஓரடிக் கோல் முழுவதும் உள்ளே போயிற்று! ஐப்பசி மழைக்குப் பின் அதே இடத்துக்குச் சென்றால் பிளவுகளைக் காணோம். காலில் அப்பிய சேறு செருப்பையே பிடுங்கிக்கொண்டது. வகுப்புக்கு வந்து, வெட்டிய இரண்டு பாட்டில்களைக் கவிழ்த்து வாயில் துணி கட்டி, ஒன்றில் ஆற்றுமணலும் மற்றதில் கரிசலும் இட்டு, ஆளுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றினோம். மணல் உடனே ஒழுகவிட்டது. கரிசல் உறிஞ்சி வைத்துக்கொண்டது. சிறிது மழையிலும் உளுந்தும் பாசியும் பருத்தியும் கம்பும் விளையும் இரகசியம் இதுவன்றோ!

அக்டோபர் 16 அன்று கட்டபொம்மன் நினைவிடத்துக்கு நடந்தே சென்றோம். 1799-ஆம் ஆண்டு அதே நாளில்தான் பானர்மன் என்னும் ஆங்கிலத் தளபதியின் ஆணைப்படி அவர் நம் ஊரில் தூக்கிலிடப்பட்டார். அந்தப் புளியமரம் இன்று இல்லை. நடிகர் திலகம் சிவாஜி கணேசன் சொந்தச் செலவில் நிறுவிய சிலை இருக்கிறது. குழந்தைகள் ஒரு நிமிடம் வாய்பேசாது நின்றார்கள். யாரும் சொல்லித்தரவில்லை.

சொல்

கயத்தாற்றிலிருந்து கோவில்பட்டி போகும் வழியில் இருக்கும் சின்ன ஊர் இடைசெவல். கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன் என்ற இரு பெரும் எழுத்தாளர்களும் பிறந்த ஊர். 1970-லும் 1991-லும் சாகித்ய அகாதெமி பரிசுகள் இவர்களைத் தேடி வந்தன. கி.ரா. கரிசல் சொற்களுக்கென்றே ஓர் அகராதி தொகுத்தார் என்று சொன்னதும், எங்கள் வகுப்பிலும் ஒரு சொற்பெட்டி வைத்தோம். ஆச்சி, தாத்தாவிடம் கேட்டுச் சீட்டில் எழுதிப் போட வேண்டும். வெள்ளென, உருமம், பைய என்று சொற்கள் வந்து குவிந்தன. வீட்டில் பேசும் பேச்சு வெட்கப்பட வேண்டியதன்று என்ற எண்ணமும் கூடவே வந்தது.

டிசம்பரில் எட்டயபுரம் சென்றோம். 1882-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் பாரதியார் பிறந்த இல்லத்தையும், கல்கி முன்னின்று பொதுமக்களிடம் நிதி திரட்டி எழுப்பி, 1947-இல் இராஜாஜி திறந்துவைத்த மணிமண்டபத்தையும் பார்த்தோம். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கிய இடமும் அவ்வூரிலேயே உள்ளது.

துணைக்கு வந்த பெற்றோருள் ஒரு மாணவியின் ஆச்சியும் இருந்தார்கள். மணிமண்டபத்துப் படியில் அமர்ந்து அவர்கள் சொன்னதை இங்கே எழுதாமல் இருக்க முடியவில்லை. “உங்க வயசுல நான் விடியுமுன்ன தீப்பெட்டி ஆபீஸ் வண்டி ஏறிருவேன் தாயி. கட்டை அடுக்கத் தெரியும், பேனா பிடிக்கத் தெரியாது. இம்புட்டுக் கிட்டக்க இருந்தும் இந்த எடத்த இன்னைக்குத்தான் பாக்கேன்.” பேத்தி ஒன்றும் பேசவில்லை. ஆச்சியின் கையைப் பிடித்து அழைத்துப்போய், அங்கே எழுதியிருந்ததையெல்லாம் எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டினாள்.

உழைப்பு

ஆச்சியின் சொல்லே தைமாதப் பாடத்துக்கு வழிகாட்டிற்று. ஆலைக்குள் குழந்தைகளை அழைத்துச் செல்வது தகாது என்பதால், வேலை செய்யும் தாய்மார் இருவர் வகுப்புக்கு வந்து ஒரு தீக்குச்சி எத்தனை கைகளைக் கடந்து வருகிறது என்று விளக்கினார்கள். ஒருகாலத்தில் இவ்வட்டாரத்தில் ஏராளமான சிறுவர் சிறுமியர் இத்தொழிலில் இருந்ததையும், 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தையும், 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டத்தையும் எளிய சொற்களில் எடுத்துரைத்தேன்.

2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாய் செய்யும் இடத்தையும் பார்த்தோம். வெல்லப்பாகு பதம் பார்த்து, கடலை சேர்த்து, பலகையில் பரப்பிச் சமதுண்டங்களாக வெட்டுவதைக் கண்டபோது, அரை, கால், அரைக்கால் என்ற பின்னங்கள் நாவில் இனித்தன!

அன்பார்ந்த பெற்றோரே! பிப்ரவரியில் நீங்கள் வந்து பார்த்த கண்காட்சியில், முப்பத்திரண்டு பேரும் சேர்ந்து வரைந்த ஊர்ப்படம் ஒன்று இருந்தது. அதில் காற்றாலையும் கோயிலும் கரிசலும் கவிஞர் வீடும் இருந்தன. ஒவ்வொருத்தியும் தன் வீட்டையும் ஒரு புள்ளியாக வைத்திருந்தாள். பயணத்துக்கு வராமல் போனவள் என்று அவ்வகுப்பில் ஒருத்திகூட இல்லை. ஆண்டு முழுவதும் நாங்கள் செய்தவற்றுள் இதையே பெரிதாக எண்ணுகிறேன்.

அடுத்த விடுமுறையில் உங்கள் மகளைக் கூட்டிக்கொண்டு இவற்றுள் ஏதாவதோர் இடத்துக்குச் செல்லுங்கள். அவள் முன்னே நடக்கட்டும், நீங்கள் கேள்வி கேளுங்கள். அவள் விடை சொல்வாள்.



— மூன்றாம் வகுப்பு ஆசிரியை