யானா நொவோட்னா: வலையருகே ஒரு வாழ்க்கை

1968இல் அன்றைய செக்கோஸ்லோவாகியாவின் பிர்னோ நகரில் பிறந்த யானா நொவோட்னா, சர்வீஸ் போட்ட கையோடு வலையை நோக்கி விரைந்து, எதிராளி திருப்பியடிக்கும் பந்தைத் தரையில் விழவிடாமல் காற்றிலேயே மறித்தடிக்கும் 'சர்வ் அண்ட் வாலி' முறையைத் தம் ஆட்டத்தின் அடித்தளமாகக் கொண்டவர். ஸ்டெஃபி கிராஃப், மோனிகா செலஸ் போன்றோர் பின்கோட்டருகே நின்று பேராற்றலுடன் பந்தடித்து வென்ற 1990களில் மகளிர் டென்னிஸில் இம்முறை அருகி வந்தது. அதனைக் கைவிடாமலேயே அவர் உலகத் தரவரிசையில் இரண்டாம் இடம்வரை உயர்ந்தார்.

இம்முறையின் இயல்பை உணராமல் அவருடைய வெற்றி தோல்விகளை மதிப்பிட இயலாது. பின்கோட்டில் ஆடுபவர் மனம் தடுமாறும்போது பந்தை உயரமாகவும் பத்திரமாகவும் திருப்பியனுப்பிச் சற்று மூச்சுவிட்டுக்கொள்ளலாம். வலைக்கு ஓடுபவருக்கோ ஒவ்வொரு புள்ளியும் இரண்டு மூன்று அடிகளில் முடிந்துவிடுவதால் அந்த அவகாசம் வாய்ப்பதில்லை. முதல் சர்வீஸ் தவறியபின் போடும் இரண்டாவது சர்வீஸ் மெதுவாக அமைந்தால், எதிராளி அதனைத் தாக்கியடித்து வலையருகே நிற்பவரைக் கடந்துவிடுவார் என்பதால், அதையும் துணிந்தே போடவேண்டியிருக்கிறது.

1993 விம்பிள்டன் இறுதியாட்டத்தில் கிராஃபுக்கு எதிராக மூன்றாவது செட்டில் 4-1 என்று முன்னிலை பெற்று, அடுத்த கேமையும் கைப்பற்ற ஒரே புள்ளி எஞ்சியிருந்தபோது, அவர் 'டபுள் ஃபால்ட்' செய்தார். அதாவது, இரு சர்வீஸ்களையும் தவறவிட்டு அப்புள்ளியை இழந்தார். அதன்பின் கிராஃப் தொடர்ந்து ஐந்து கேம்களை வென்று பட்டத்தைத் தக்கவைத்தார். பரிசளிப்பின்போது பிரித்தானிய அரச குடும்பத்தைச் சேர்ந்த கென்ட் கோமகளின் தோளில் சாய்ந்து நொவோட்னா அழுத காட்சி உலகெங்கும் பரவியது. 2017இல் 49ஆம் வயதில் புற்றுநோயால் அவர் மறைந்தபோதும் அதுவே மீண்டும் நினைவுகூரப்பட்டது. 1995 பிரெஞ்சு ஓப்பனில் சாண்டா ரூபினுக்கு எதிராக மூன்றாவது செட்டில் 5-0, 40-0 என்ற நிலையிலிருந்து தோற்றதையும் சேர்த்து, நெருக்கடியில் நிலைகுலைபவர் என்ற முத்திரையை அவர்மீது குத்தினர். பதற்றம் இருந்தது என்பதை மறுக்கவேண்டியதில்லை. ஆனால் அதே 1993 விம்பிள்டனின் அரையிறுதியில், புல்தரை ஆட்டத்தின் பேரரசியான மார்ட்டினா நவ்ரத்திலோவாவை நேர்செட்டுகளில் வீழ்த்தியதும் அதே துணிச்சலான ஆட்டமே என்பதை எண்ணிப் பார்க்கையில், அந்த முத்திரை பெரும் அநீதியாகவே படுகிறது.

அவருடைய திறமையின் முழு வீச்சு வெளிப்பட்டது இரட்டையர் ஆட்டத்தில். வலையருகே நின்று பந்தின் போக்கை நொடிப்பொழுதில் கணித்துக் கோணம் திருப்பும் கலை அங்கே முதன்மை பெறுகிறது. மகளிர் இரட்டையரில் பன்னிரண்டும் கலப்பு இரட்டையரில் நான்குமாகக் கிராண்ட் சிலாம் பட்டங்களை அவர் வென்றார். 1990இல் ஹெலெனா சுகோவாவுடன் இணைந்து ஆஸ்திரேலிய, பிரெஞ்சு, விம்பிள்டன் பட்டங்கள் மூன்றையும் ஒரே ஆண்டில் கைப்பற்றினார். ஒற்றையர் ஆட்டத்தையே உச்சமாகக் கருதும் பழக்கத்தால் இச்சாதனைகள் புள்ளிவிவர அட்டவணைகளுக்குள் ஒதுங்கிவிட்டன.

1997 விம்பிள்டன் இறுதியில் பதினாறு வயது மார்ட்டினா ஹிங்கிஸிடம் முதல் செட்டை வென்றும் தோற்ற அவர், மறு ஆண்டு அரையிறுதியில் அதே ஹிங்கிஸை வென்று, இறுதியில் தம்மைப்போலவே வலைக்கு விரையும் பிரான்ஸின் நத்தாலி தோசியாவை 6-4, 7-6 என்ற கணக்கில் வீழ்த்தினார். தம் முதல் ஒற்றையர் கிராண்ட் சிலாம் பட்டத்தை அவர் பெற்றபோது வயது 29. தொழில்முறை ஆட்டக்காரர்களும் அனுமதிக்கப்பட்ட 1968க்குப் பிந்தைய 'ஓப்பன்' காலத்தில், அத்தனை வயதில் எந்தப் பெண்ணும் அதுவரை முதன்முறையாக அப்பட்டத்தை வென்றதில்லை. அதே விம்பிள்டனில், அரையிறுதியில் தம்மிடம் தோற்ற ஹிங்கிஸையே இணையாகக் கொண்டு, இரட்டையர் பட்டத்தையும் அவர் வென்றார்.