சாத்திய கதவு

தந்தையார் மறைந்த பின், அவர் ஓட்டிய புல்லட்டைப் பெட்ரோல் வடித்து, ரயில் பார்சலில் சென்னையிலிருந்து நாகபுரிக்குக் கொணர்ந்தேன். மார்கழி பிறந்ததும், சாலைச் சந்திப்பில் நிற்கும்போதெல்லாம் அது அணைந்துவிடலாயிற்று. குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது. ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று மிகவும் கூடினால் எஞ்சின் நிலைகொள்ளாது.

ஒரு ஞாயிறன்று நானே திருப்புளியை எடுத்தேன். குளிருக்கு அஞ்சி முன்கூடத்துக் கதவைச் சாத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஏர் ஸ்க்ரூவை மனம்போனபடி திருகினேன். பெட்ரோல் மிகுந்தால் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு பெருகும்; அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. டார்ச் பிடித்திருந்த என் மகன், “தலை சுற்றுகிறதப்பா” என்றான். அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். நற்காற்றுப் பட்டதும் தெளிந்தான். எனினும் மருத்துவரிடம் காட்டிய பின்னரே என் நெஞ்சு அடங்கிற்று.

மறுவாரம் திறந்தவெளியில் வேலையைத் தொடங்கினேன். ஸ்க்ரூ எத்தனை சுற்றுத் திறந்திருந்தது என்பதை முதலில் குறித்துக்கொண்டேன். எஞ்சின் நன்கு சூடான பின், கால் கால் சுற்றாகத் திருகி, ஓசை சீராகி வேகம் உச்சமடைந்த இடத்தில் நிறுத்தினேன். பிறகு ஐடிலிங் ஸ்க்ரூவால் வேகத்தைத் தணித்தேன். வண்டி அமைதியாக நின்று ஓடிற்று.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகள் பெரும்பாலானவற்றில் இவ்வளவையெல்லாம் மின்னணுக் கருவியே கவனித்துக்கொள்கிறது. பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் மட்டும், திருப்புளியைத் தொடுமுன் வண்டியை வாசலுக்குத் தள்ளிச் செல்லுமாறு வேண்டுகிறேன்.