‘இன்ஷா அல்லாஹ்’ என்றால் ‘இல்லை’ என்றா பொருள்?

“ஞாயிற்றுக்கிழமை ஆலம்பரைக் கோட்டைக்குக் கூட்டிப் போகிறீர்களா, அத்தா?” என்று மகன் கேட்டான். கடப்பாக்கத்திலிருந்து அது வெகுதூரமில்லை. “இன்ஷா அல்லாஹ்” என்றோம். அவன் முகம் வாடியது. “முடியாதென்றால் முடியாதென்றே சொல்லுங்கள், அத்தா” என்றான்.

அந்தச் சொல்லுக்கு இப்படியொரு பொருளை அவனுக்குக் கற்பித்தது யார்? நாமே. கடனைத் திருப்பிக் கேட்டவரிடமும், பள்ளிவாசல் பணிக்கு ஆள் தேடியவரிடமும் அவன் எதிரிலேயே அவ்வாறு சொல்லித்தான் அனுப்பியிருக்கிறோம். வாய் ‘அல்லாஹ் நாடினால்’ என்றது; உள்ளம் ‘நான் நாடவில்லை’ என்றிருந்தது.

சொற்கள் பொருள் மாறுவது இயல்பே. வீட்டைவிட்டுப் புறப்படுகையில் ‘வருகிறேன்’ என்கிறோம். போவதைத்தான் சொல்கிறோம் என்பது கேட்பவருக்கும் தெரியும்; அதில் ஏமாற்றமில்லை, பரிவே உண்டு. இங்கோ நம் மறுப்பை இறைவனின் நாட்டத்தின் பின்னே ஒளித்து வைக்கிறோம்.

‘நாளை இதைச் செய்வேன்’ என்று கூறும்போது அல்லாஹ்வின் நாட்டத்தைச் சேர்த்துக் கூறுமாறு அல்கஹ்ஃப் அத்தியாயத்தின் 23, 24ஆம் வசனங்கள் பணிக்கின்றன. அல்கலம் அத்தியாயத்திலோ, விடிந்ததும் அறுவடை செய்வோம் என்று சத்தியம் செய்து, இறைநாட்டத்தை நினையாத தோட்டக்காரர்கள் வருகின்றனர். இரவிலேயே அவர்கள் தோட்டம் அழிந்தது. செய்யத் துணிந்தவனுக்குப் பணிவைக் கற்பிக்க வந்த சொல் இது. செய்ய விரும்பாதவன் நழுவுவதற்கு வந்ததன்று. வாக்களித்து மாறுவதை நயவஞ்சகனின் அடையாளங்களுள் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எண்ணியதை நாம் அறியாதவர்களுமல்லர்.

ஞாயிறன்று ஃபஜ்ரு தொழுதுவிட்டு மகனுடன் கோட்டைக்குப் புறப்பட்டோம். கழிமுகத்தை நோக்கிச் செங்கல்லும் சுண்ணாம்புமாய் இடிந்து நின்றன சுவர்கள். 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த கோட்டை, 1760இல் ஆங்கிலேயரிடம் வீழ்ந்து சிதைந்தது என்று அவனுக்குச் சொன்னோம். “பத்தே வருஷமா?” என்றான். “ஆமாம். அதனால்தான் நாளையைப் பற்றிப் பேசும்போது இன்ஷா அல்லாஹ் என்கிறோம்.”

திரும்பும் வழியில், “அடுத்த வாரமும் வரலாமா?” என்று கேட்டான். அடுத்த ஞாயிறு ஓர் உறவினர் வீட்டு நிக்காஹ். “அடுத்த வாரம் முடியாது” என்றோம். அவன் முகம் வாடவில்லை. “அதற்கடுத்த வாரம்?” என்றான்.

“இன்ஷா அல்லாஹ், வருவோம்.”

இம்முறை அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் காப்பாற்றும் பொறுப்பு இனி நம்முடையது. சொன்னதைச் செய்வோராக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.