வெற்று நாடாவுடன் வந்தவர்கள்

அரபுக் கவிதை பயின்றோர்க்கு 'ராவி' என்னும் சொல் புதிதன்று. கவிஞர் பாடுவார்; ராவி அதனை நெஞ்சில் ஏந்திக் கூடாரம் கூடாரமாகச் செல்வார். அவ்ஸ் இப்னு ஹஜருக்கு ஸுஹைர் ராவியாக இருந்தார். ஸுஹைருக்கு அவருடைய மகனார் கஅபும், ஹுதைஆ என்னும் கவிஞரும் ராவிகளாயினர். எழுத்து அருகியிருந்த அப்பாலைவெளியில், கேட்டவரே கவிதைக்கு ஏடாகவும் ஒட்டகமாகவும் விளங்கினார். கேட்டவர் சுமந்திராவிட்டால் அக்கவிதைகள் அடுத்த கிணற்றைக்கூடத் தாண்டியிரா.

அச்சு வந்தபின் ராவிக்கு வேலையில்லை என்பர். ஆயினும் நம் வாழ்நாளிலேயே, அதுவும் மற்றொரு பாலைவனத்திலேயே, அம்மரபு மறுபடியும் தழைத்தெழுந்தது. தழைக்கச் செய்தவர்கள் தினாரிவென் என்னும் இசைக்குழுவினர். மாலி, நைஜர், அல்ஜீரியா, லிபியா முதலிய நாடுகளில் சிதறி வாழும் துவாரிக் இனத்தவர் இவர்கள். தமாஷெக் இவர்தம் தாய்மொழி. அம்மொழியில் 'தெனெரே' என்றால் பாலை. அதன் பன்மையே 'தினாரிவென்'. இவர்கள் வாழும் நிலத்துக்கு வழங்கும் 'ஸஹாரா' என்னும் அரபுப் பெயருக்கும் பாலை என்றே பொருள். பாடும் நிலமும் பாடுவோரும் ஒரே பெயர் தாங்கி நிற்கும் விந்தையைக் காண்க! இவர்தம் ஆண்மக்கள் பெயர்களின் நடுவே வரும் 'அக்' என்பது, நம் கிதாபுகளில் வரும் 'இப்னு'வுக்கு நேரானது.

1960இல் மாலி விடுதலை பெற்றது. 1963இல் கிதால் பகுதித் துவாரிக்குகள் புதிய அரசை எதிர்த்துக் கிளர்ந்தெழ, அக்கிளர்ச்சி இரக்கமின்றி ஒடுக்கப்பட்டது. அப்போது கொல்லப்பட்டவர்களுள் ஒருவருடைய மகனுக்கு வயது நான்கு. அப்பாலகனே பின்னாளில் இக்குழுவை நிறுவிய இப்ராஹீம் அக் அல்ஹபீப். எல்லை கடந்து அல்ஜீரியாவில் அகதியாக வளர்ந்த அச்சிறுவன், திரைப்படம் ஒன்றில் அமெரிக்கக் குதிரைவீரன் ஒருவன் கிட்டார் மீட்டக் கண்டான். தகர டப்பா ஒன்றில் கோலைச் செருகி, சைக்கிள் பிரேக் கம்பியை நரம்பாகக் கட்டித் தனக்கென ஒரு கிட்டாரைச் செய்துகொண்டான்.

கிட்டார் அம்மக்களுக்கு உரிய கருவியன்று. இம்ஸாத் என்னும் ஒற்றை நரம்பு யாழும், தெண்டே என்னும் முரசும் அவர்களிடம் உண்டு. அவையோ பெண்களின் கைக்குரியவை. (முகத்திரை அணிவோர் ஆண்கள், முகம் திறந்திருப்போர் பெண்கள் என்பது அவ்வினத்தின் வழக்கம்.) எழுபதுகளின் தொடக்கத்தில் பெரும் வறட்சி வந்து ஆடுமாடுகளையும் ஒட்டகங்களையும் வாரிக்கொண்டு போயிற்று. மந்தை அழிந்தபின் மேய்ப்பனுக்கு என்ன வேலை? இளைஞர்கள் தமன்ராசெத்துக்கும் லிபியாவுக்கும் பிழைப்புத் தேடி அலைந்தனர். வேலையற்றவனைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லைத் திரித்து 'இஷுமார்' என்று தம்மைத் தாமே அழைத்துக்கொண்டனர். பழிச்சொல்லையே இனப்பெயராக்கிக்கொண்ட அந்தத் துணிவு நமக்குப் பிடித்திருக்கிறது. தாய்மாரின் யாழ் தொலைவில் கிடந்தது. கையில் இருந்ததோ கிட்டார். 1979 அளவில் குழு உருப்பெற்றது.

1980இல் லிபியத் தலைவர் கத்தாஃபி துவாரிக் இளைஞர்களைப் படைப்பயிற்சிக்கு அழைத்தார். தனிநாடு கிடைக்கும் என்ற நம்பிக்கையில் பலரும் சென்றனர், இக்குழுவினரும் சென்றனர். பகலில் துப்பாக்கி, இரவில் கிட்டார் என முகாம் வாழ்க்கை நடந்தது. அங்கேதான் நாம் சொல்லவந்த செய்தி நிகழ்ந்தது.

புதிய இசைத்தொகுப்பு ஒன்றை வெளியிடுவோர் என்ன செய்வார்கள்? பத்திரிகைகளை நாடுவார்கள், வானொலியை வேண்டுவார்கள், சுவரொட்டி ஒட்டுவார்கள், ஊர் ஊராகக் கச்சேரி வைப்பார்கள். இவர்களுக்கோ பத்திரிகை இல்லை. வானொலி அரசின் கையில். வட்டு அச்சிடும் நிறுவனமும் இல்லை. அதை வாங்கக் காசுள்ள மக்களும் இல்லை. இருந்தது ஓர் எளிய பதிவுக்கருவி. எனவே ஓர் அறிவிப்புச் செய்தார்கள்: வெற்று ஒலிநாடா ஒன்றைக் கொண்டுவரும் எவருக்கும் எங்கள் பாடல்களை விலையின்றிப் பதிந்து தருவோம். அவ்வளவே. மக்கள் நாடாவுடன் வந்தனர். பதிந்து எடுத்துச் சென்றனர். சென்ற இடத்தில் பிறருக்கும் படியெடுத்துக் கொடுத்தனர். சரக்குந்துகளிலும் ஒட்டகச் சேணங்களிலும் அந்நாடாக்கள் எல்லைகளைத் தாண்டின. அரசுகள் ஐயுறும் பாடல்களாகையால் அவற்றை வைத்திருப்பதும் ஆபத்தாகவே இருந்தது.

நாடாவுக்கு ஓர் இயல்பு உண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் படியெடுக்கும்போதெல்லாம் இரைச்சல் சற்றே கூடும்; குரல் சற்றே மங்கும். பத்தாவது படியில் பாடகர் மணற்புயலுக்கு அப்பால் நின்று பாடுவதுபோல் இருக்கும். ஹதீஸ் கலை பயின்ற நமக்கு இதில் ஒரு சுவை உண்டு. இஸ்னாதில் இடையே வருவோர் பெயர்களைக் கூறி அறிவிப்பின் தொலைவை அளக்கிறோம். இந்நாடாவிலோ அத்தொலைவு காதுக்கே கேட்டது! இரைச்சல் மிகுதியெனின், பல கைகள் சுமந்து வந்திருக்கின்றன என்று பொருள். கடையில் வாங்கிய பொருளில் அத்தடம் இராது.

பாடல்களின் பொருளும் அத்தகையதே. 'அஸ்ஸூஃப்' என்று தமாஷெக்கில் ஒரு சொல் உண்டு. தனிமை, பிரிவுத்துயர், ஊர் ஏக்கம், கூடார நெருப்பின் ஒளிவட்டத்துக்கு அப்பாலுள்ள இருள் ஆகிய அனைத்தையும் அஃது ஒருங்கே சுட்டும். பெயர்ந்துபோன கூடாரத்தின் சாம்பல்முன் நின்று அழுத பழைய அரபுக் கவிஞர்க்கு அச்சொல்லின் பொருளை விளக்கவேண்டியிராது. ஆனால் வெறும் ஏக்கம் மட்டும் அன்று. ஒன்றுபடுங்கள் என்ற அழைப்பும் அவற்றில் இருந்தது. பத்திரிகையற்ற மக்களுக்கு அவை கடிதமாகவும் செய்தித்தாளாகவும் பயன்பட்டன. 1990இல் மாலியில் மீண்டும் கிளர்ச்சி வெடித்தபோது குழுவினர் சிலரும் போர்க்களம் புகுந்தனர். 1991 ஜனவரியில் தமன்ராசெத்தில் உடன்பாடு ஏற்பட்டபின் ஆயுதத்தை விட்டு இசையோடு நின்றனர்.

உலகச் சந்தைக்கான அவர்தம் முதல் வட்டு வெளிவந்தது 2001இல். கிதால் நகரத்து திஸ்தாஸ் என்னும் சிறு வானொலி நிலையத்தில், மாலை மின்சாரம் வரும் சில மணிநேரங்களை எதிர்பார்த்திருந்து பதிவு செய்தார்கள். அதன்பின் ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் என்று மேடைகள் பெருகின. கேட்போரும் மாறினர். தமாஷெக்கில் ஒரு சொல்லும் அறியாதவர்கள் ஆயிரக்கணக்கில் அமர்ந்து கைதட்டலாயினர்.

இதனைக் குறையென்று நாம் கூறவில்லை. நமக்கும் தமாஷெக் தெரியாது. நம்மிடம் பயின்று இப்போது வளைகுடாவில் பணியாற்றும் மாணவர் ஒருவர் விடுமுறையில் வந்தபோது கைப்பேசியில் ஒரு பாடலை ஒலிக்கச் செய்து, "ஹஜ்ரத், இது எந்த நாட்டு அரபி?" என்று வினவினார். அரபியன்று என்று சொல்லியும் முழுதும் கேட்டுத்தான் நிறுத்தினோம். மொழியறியாத காதுக்குள்ளும் அஃது ஏறுகிறது என்பது உண்மையே. ஆயினும் பொருள் புரியாமல் மகிழ்பவன் விருந்தாளி; பொருள் புரிந்து ஆபத்தோடு சுமந்தவனோ உறவினன். விருந்தாளிகளின் எண்ணிக்கை கண்டு உறவினரை மறத்தல் ஆகாது.

அவ்வுறவுக்கு வந்த சோதனையை 2012ஆம் ஆண்டில் காண்கிறோம். அவ்வாண்டு பிப்ரவரியில் 'தஸ்ஸிலி' என்னும் தொகுப்புக்காக இவர்களுக்கு அமெரிக்காவில் கிராமி விருது வழங்கப்பட்டது. அதற்குச் சில வாரங்கள் முன்னரே வட மாலியில் புதிய கிளர்ச்சி தொடங்கியிருந்தது. சில திங்களில் அப்பகுதி ஆயுதக்குழுக்களின் கைக்குப் போயிற்று. மார்க்கத்தின் பெயரால் இசை தடை செய்யப்பட்டது. தடை செய்தவற்றுள் ஒன்றான அன்ஸாருத்தீன் குழுவின் தலைவர் யார்? இயாத் அக் காலி. 1990 கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கியவரும் இவரே. இக்குழுவினருக்கு நெடுநாள் பழக்கமானவரும் இவரே. எந்தப் பாடல்கள் ஒருகாலத்தில் அவருடைய படைக்கு இளைஞர்களை எழுப்பினவோ, அந்தப் பாடல்களுக்கே அவர் பகையானார். 2013 ஜனவரியில், கிட்டார்களைக் காப்பாற்ற முயன்ற அப்துல்லாஹ் அக் லமீதா என்னும் குழு உறுப்பினர் பிடிபட்டுப் பின்னர் விடுவிக்கப்பட்டார்.

இசைபற்றிய சட்டவாதம் நம் உலமாக்களிடையே புதிதன்று. இமாம் கஸ்ஸாலி 'இஹ்யா'வில் இசை கேட்டலுக்கென்றே ஒரு தனி நூற்பகுதி வகுத்தார். இப்னு ஹஸ்ம் தடைக்கான அறிவிப்புகளை வலுவற்றவை என்றார். இப்னுல் ஜவ்ஸி கடுமையாக மறுத்தெழுதினார். இக்கட்டுரையில் அவ்வழக்கைத் தீர்க்க நாம் வரவில்லை. அவர்களெல்லாம் எழுதுகோல் ஏந்தி வாதிட்டவர்கள். மறுப்பவரின் சான்றையும் எடுத்து வைத்துப் பேசியவர்கள். வீடு புகுந்து கருவியைப் பறிப்பவனுக்கு அவர்களுடைய வரிசையில் இடமில்லை என்பதை மட்டும் அழுத்தமாகச் சொல்வோம்.

சொந்த ஊரில் பதிவு செய்ய இயலாமல், அடுத்த தொகுப்பான 'எம்மார்' கலிபோர்னியப் பாலைவனத்தில் உருவாகி 2014இல் வெளிவந்தது. 2019இன் 'அமாஜார்', மவுரித்தானியாவில் கூடாரம் அடித்துப் பதியப்பெற்றது. முன்பின் அறியாத வழிப்போக்கன் என்பது அப்பெயரின் பொருள். அத்தொகுப்பை அறிமுகம் செய்ய அமெரிக்கா சென்றபோது, வட கரோலினா மாநிலத்து வின்ஸ்டன்-சேலம் நகரில் நடக்கவிருந்த கச்சேரிக்கு முகநூலில் விளம்பரம் செய்தார்கள். தலைப்பாகையும் முகத்திரையுமாய் நின்ற படத்தைக் கண்டோர் சிலர், பயங்கரவாதிகள் என்று வசைபாடி மிரட்டியும் எழுதினர். பயங்கரவாதிகளுக்கு அஞ்சி ஊரைவிட்டு நின்றவர்களுக்கு இந்தப் பட்டம்! ஊரார் பலர் வரவேற்றுக் குரல் கொடுக்க, அச்செப்டம்பரில் கச்சேரி குறித்தபடியே நடந்தது. 2023இன் 'அமத்ஸூ'வுக்கு அமெரிக்க நகரான நாஷ்வில்லில் பதிவு செய்ய எண்ணியிருந்தனர். கொரோனா குறுக்கிட, அல்ஜீரியாவின் ஜானெத் பாலைச்சோலையிலேயே பதிவு நிகழ்ந்தது.

ஒலிநாடாவின் காலம் முடிந்துவிட்டது. நாடாவின் இடத்தைக் கைப்பேசியின் மெமரி கார்டு பிடித்தது. இணையம் எட்டாத ஊர்களிலும் ஒரு கைப்பேசியிலிருந்து மற்றொன்றுக்குப் பாடல்கள் தாவுகின்றன. இப்போது படியெடுப்பதால் குரல் மங்குவதில்லை. ஆனால் பாடியவர் பெயர் வழியில் உதிர்ந்துபோகிறது. கிறிஸ்தோபர் கிர்க்லி என்னும் அமெரிக்கர் ஸஹாராவின் கைப்பேசிகளிலிருந்து அத்தகைய பாடல்களைத் திரட்டினார். அவற்றுள் ஒன்றைப் பாடியவர் யாரென விசாரித்து நைஜர் வரை சென்றார். அங்கே கண்டறியப்பட்டவர் ம்தூ மொக்தார் என்னும் துவாரிக் இளைஞர், இடக்கையால் வாசிப்பவர். அவருக்கென இடக்கைக் கிட்டார் ஒன்றைக் கிர்க்லி கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த இளைஞர் தொடக்கத்தில் பழகிய கிட்டார் அவர் தாமே மரத்தில் செய்தது. அதன் நரம்புகளும் சைக்கிள் கம்பிகளே.