நாலு முனைக்கு எத்தனை சொந்தக்காரர்கள்?

மேல்பட்டாம்பாக்கத்தில் பஸ் ஏறி நெய்வேலிக்கு வேலைக்கோ படிப்புக்கோ போகிறவர்களிடம் "எவ்வளவு தூரம்?" என்று கேட்டுப் பாருங்கள். கிலோமீட்டர் கணக்கு வராது. "நாலு முனையைத் தாண்டிட்டா அப்புறம் சீக்கிரம் போயிடலாம்" என்றுதான் சொல்வார்கள். நாலு முனை என்றால் பண்ருட்டி நான்கு முனை சந்திப்பு. தாண்டுவதுதானே பிரச்னை!

ரயில் இருக்கிறதே என்று வெளியூர்க்காரர்கள் யோசனை சொல்வதுண்டு. மேல்பட்டாம்பாக்கத்துக்கு ஸ்டேஷன் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது விழுப்புரத்திலிருந்து கடலூர் போகும் பாதையில் இருக்கிறது. நெய்வேலி ஸ்டேஷனோ கடலூரிலிருந்து விருத்தாசலம் போகும் பாதையில். ரயிலில்தான் போவேன் என்று அடம்பிடித்தால் முதலில் கடலூர் போய், மறுபடி மேற்கே திரும்பி வர வேண்டும். அதற்கு நாலு முனையே தேவலை.

சென்னையிலிருந்து கும்பகோணம், தஞ்சாவூர் போகும் நெடுஞ்சாலை பண்ருட்டிக்குள் நுழைந்து இங்கே கடலூர் சாலையைச் சந்திக்கிறது. தொலைதூர பஸ், டவுன் பஸ், ஷேர் ஆட்டோ, பள்ளிக்கூட வேன், முந்திரி மூட்டை ஏற்றிய லாரி, சித்திரை வைகாசியில் பலாப்பழ லாரி என்று எல்லாவற்றுக்கும் இதே நாலு முனைதான். யாருக்கும் நிற்க நேரமில்லை, அதனால் எல்லோரும் நிற்கிறார்கள்! பள்ளத்துக்காக ஒரு பைக் ஒதுங்கினால் பின்னால் வருகிற பஸ் பிரேக் போடும். அதற்குப் பின்னால் பத்து ஹாரன். பொறுமை இழந்தவர்கள் பஸ்ஸிலிருந்து குதித்து நடக்க ஆரம்பிப்பார்கள். அவர்கள் நடக்க வேண்டிய ஓரத்தில் தள்ளுவண்டியும் நிறுத்திவைத்த பைக்குகளும் இருக்கும். ஆக அவர்களும் நடு ரோட்டுக்கு வருவார்கள். கையில் குழந்தையோடு நிற்கும் அம்மாக்கள்தான் பாவம். ஒரு கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டே, எதிரே வருகிற டிரைவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓடுவார்கள். சாலையைக் கடக்க வேறு உத்தி எதுவும் இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

இத்தனையும் முடிந்து அதே ஆள் நெய்வேலி டவுன்ஷிப்பில் இறங்கியதும் பார்க்கிறார். அகலமான ரோடு. இரண்டு பக்கமும் மரம். வட்டம் வட்டமாக ஓர் ஊரைப் பிரித்து, எண் கொடுத்து, நடுவில் கடைத்தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடம் விட்டுக் கட்டியிருக்கிறார்கள். இந்த அதிசயம் எப்படி? அங்கே இருப்பவர்கள் ஒன்றும் வேற்றுக் கிரகத்து ஆட்கள் இல்லை. நாலு முனையில் முட்டி மோதிய அதே பைக்காரர்தான் அங்கே ஒழுங்காகப் போகிறார். 1956-ல் நிலக்கரி நிறுவனம் தொடங்கிய பிறகு அதன் ஊழியர்களுக்காகக் கட்டிய ஊர் அது. நிலம், ரோடு, சாக்கடை, தெருவிளக்கு எல்லாவற்றுக்கும் ஒரே சொந்தக்காரர். விளக்கு எரியவில்லை என்றால் எந்த அலுவலகத்தில் போய் நிற்பது என்று எல்லோருக்கும் தெரியும்.

நாலு முனைக்கோ சொந்தக்காரர்கள் அதிகம். ஒரு சாலை மத்திய அரசுடையது, இன்னொன்று மாநிலத்துடையது. சாக்கடை உள்ளாட்சிக்கு. போக்குவரத்து போலீசுக்கு. மின்கம்பம் மின்வாரியத்துக்கு. மழைத்தண்ணீர் தேங்கி ரோடு பெயர்ந்தால் அது ரோட்டின் குற்றமா, சாக்கடையின் குற்றமா? இந்தக் கேள்வி முடிவதற்குள் அடுத்த மழை வந்துவிடும். (புகார் எழுதிக் கொடுப்பவர் படுகிற பாட்டைத் தனியாகவே எழுதலாம்.)

ஓட்டுகிறவர்களையும் விட்டுவிட முடியாது. போலீசோ சிக்னலோ இல்லாத சந்திப்பில் யார் முதலில் போக வேண்டும்? பிரதான சாலையில் வருகிறவருக்கு வழி விட வேண்டும், மற்றபடி வலப்பக்கம் வருகிறவருக்கு வழி விட வேண்டும் என்று 1989-லேயே சாலை விதி எழுதி வைத்திருக்கிறார்கள். எத்தனை பேருக்குத் தெரியும்? லைசென்ஸ் வாங்கப் போகும்போது எட்டு போடச் சொல்கிறார்கள், கால் ஊன்றாமல் போட்டால் பாஸ். வாழ்க்கையில் யாரும் ரோட்டில் எட்டு போட்டுக்கொண்டு போவதில்லை, நாலு முனையைத்தான் தினமும் கடக்கிறார்கள்!

இதையெல்லாம் வெறும் எரிச்சல் என்று சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் 2023 ஜூன் 19 காலையில் மேல்பட்டாம்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே, இதே கடலூர்–பண்ருட்டி சாலையில், இரண்டு தனியார் பஸ்கள் நேருக்கு நேர் மோதின. உயிர்கள் போயின. எழுபது பேருக்கு மேல் காயம். டயர் வெடித்ததுதான் காரணம் என்றார்கள். இருக்கலாம். அதற்குப் பிறகு பஸ்ஸின் முன் சீட்டில் உட்காரத் தயங்குகிறவர்கள் ஊரில் இருக்கிறார்கள். சந்திப்பில் இழந்த பத்து நிமிடத்தை அடுத்த பத்து கிலோமீட்டரில் பிடித்துவிடலாம் என்று டிரைவர் மிதிக்கும்போது அவர்களுக்கு வயிற்றைப் பிசைகிறது.

விக்கிரவாண்டியிலிருந்து தஞ்சாவூர் வரை சுமார் 165 கிலோமீட்டருக்கு நால்வழிச் சாலை வந்தால் நெரிசல் குறையும் என்று பல வருடமாகச் சொல்கிறார்கள். தெற்கே சேத்தியாத்தோப்பு–சோழபுரம் பகுதியை 2025 ஜூலையில் திறந்தும் விட்டார்கள். பண்ருட்டி, நெய்வேலி பக்கம் வருகிற வடக்குப் பகுதி அப்போதும் முடிந்திருக்கவில்லை. முடிந்தால் கும்பகோணம் லாரிகள் ஊருக்கு வெளியே போய்விடும். சரி, பலாப்பழ லாரி? மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வரும் டவுன் பஸ்? கையைத் தூக்கிக்கொண்டு ஓடும் அந்த அம்மா? அவர்களுக்கு பைபாஸில் என்ன வேலை, அவர்கள் நாலு முனைக்குத்தான் வருவார்கள்.