ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பாதை

  

ஆண்டு மலருக்குத் தலைமையாசிரியர் எழுதும் கட்டுரை என்றால், ஒழுக்கத்தைப் பற்றியும் உழைப்பைப் பற்றியும் நான்கு நல்லுரைகள் கூறி வாழ்த்தி முடிப்பது வழக்கம். இம்முறை அவ்வழக்கத்திலிருந்து சற்றே விலகி, நாம் செய்த ஒரு பிழையையும் அது நமக்குக் கற்பித்த பாடத்தையும் எழுத விழைகின்றோம். பிழையை ஒப்புக்கொள்ளத் தெரியாத ஆசிரியர், பிள்ளைகளின் பிழையைத் திருத்தும் தகுதியை இழந்துவிடுகின்றார் அல்லவா?

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18ஆம் நாள், கொரோனாக் கிருமியின் பரவலால் நாடு முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. பாடங்கள் கைத்தொலைபேசி வழியே வீடுகளுக்குச் சென்றன. ஆசிரியர்கள் பயிற்சிகளை அனுப்புவர். மாணவர்கள் விடைகளைத் திருப்பி அனுப்புவர். அனுப்பியவர் யார், அனுப்பாதவர் யார் என்ற பட்டியல் நம் மேசைக்கு வரும். அப்பட்டியலில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனின் பெயருக்கு நேரே நாள்தோறும் வெற்றிடமே இருந்தது. மூன்று வாரம் பார்த்துவிட்டு, அப்பெயரின் அருகே ‘அக்கறை இல்லை’ என்று நம் கையாலேயே எழுதினோம்.

ஜூன் மாதம் கட்டுப்பாடு தளர்ந்ததும் அவன் வீட்டிற்குச் சென்றோம். தந்தையார் செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி. வீட்டில் இருந்தது ஒரே கைத்தொலைபேசி. அதுவும் விடியற்காலையில் அவரோடு காட்டிற்குச் சென்று, மாலையில்தான் வீடு திரும்பும். காலை எட்டு மணிக்கு நாம் அனுப்பிய பாடத்தை அப்பிள்ளை எதில் பார்ப்பான்?

“ஐயா, நான் வீடு வந்ததும் போனை இவன்கிட்டத்தான் கொடுக்கிறேன். ஆனா அதுக்குள்ளே பாடம் முடிஞ்சு போச்சுன்னு சொல்றான்,” என்றார் அவர். நாற்காலியின் நுனியில் அமர்ந்திருந்த நமக்கு, நாம் எழுதிய அவ்விரு சொற்களும் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தன. அக்கறை இல்லாதவர் அம்மாணவன் அல்லர். கேளாமல் எழுதிய நாமே.

அன்று முதல் அவனுக்கு மட்டும் பாடம் இரவு ஏழரை மணிக்கு என்று மாற்றினோம். வகுப்பாசிரியை ஒரு சிறு பத்தியைத் தம் குரலில் வாசித்து அனுப்புவார். அவன் அதனைக் கேட்டுத் தானும் வாசித்துப் பதிவுசெய்து அனுப்புவான். ஆசிரியை அதில் இரண்டே இரண்டு சொற்களை மட்டும் திருத்தி மறுமொழி தருவார். வகுப்பறையில் எழுந்து வாசிக்கச் சொன்னால், நண்பர்கள் நகைப்பார்களோ என்று அஞ்சித் தலை கவிழ்ந்து நிற்கும் பிள்ளை அவன். பள்ளி மீண்டும் திறந்தபின் ஒருநாள் நம்மிடம் வந்து, “ஆறு தடவை அழிச்சிட்டு ஏழாவது தடவைதான் அனுப்புவேன், ஐயா,” என்றான். அழித்துவிட்டு மீண்டும் முயலும் உரிமை! வகுப்பறையில் நாம் அவனுக்கு அளிக்காத அவ்வுரிமையை ஒரு சிறு கருவி அளித்திருந்தது. இன்று அவன் இடைநிலைப்பள்ளி மாணவன்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் வேகத்தில் பாடம் அமைய வேண்டும் என்ற எண்ணம் புதியதன்று. 1953ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியல் அறிஞர் ஸ்கின்னர் தம் மகள் பயிலும் கணித வகுப்பைக் காணச் சென்றார். விரைவாகக் கணக்கை முடித்தவர்கள் வேலையின்றி இருந்தனர்; முடியாதவர்கள் தவித்தனர்; தம் விடை சரியா தவறா என்று எவருக்கும் உடனே தெரியவில்லை. அதன்பின் அவர் கற்பிக்கும் பொறி ஒன்றை உருவாக்கினார். நம் நாட்டிலோ 1972ஆம் ஆண்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. அது பெரும்பேறே. எனினும் தொலைக்காட்சி ஒரே வேகத்தில் பேசும். புரியாத பிள்ளைக்காக நின்று காத்திராது.

1984ஆம் ஆண்டில் பெஞ்சமின் புளூம் என்னும் கல்வியறிஞர், தனியாசிரியரிடம் பயின்ற சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் பயின்றோருள் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேரை விஞ்சினார் என்று எழுதினார். அத்துணைப் பெரிய பயன் எல்லா இடத்திலும் கிட்டுவதில்லை என்று பின்வந்தோர் கண்டனர். ஆயினும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் ஆசிரியரை அமர்த்த இயலாத உலகில், அக்குறையைக் கருவிகளால் ஓரளவேனும் நிரப்பலாமா என்ற வினா இன்றளவும் நிலைத்திருக்கின்றது.

நிரப்பலாம், ஆனால் முழுவதும் கருவியிடம் விட்டுவிடலாகாது. இதற்கும் நம் பள்ளியிலேயே சான்றுண்டு.

நன்கொடையாளர்களின் உதவியால் நமக்குச் சில கையடக்கக் கணினிகள் கிடைத்தன. அவற்றிலுள்ள கணிதப் பயிற்சி, விடை சரியாயின் சற்றுக் கடினமான கணக்கைத் தரும். தவறாயின் எளிய கணக்கிற்கு இறங்கிவிடும். நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி கழித்தலில் ஏறுவதும் இறங்குவதுமாகப் பல நாள் ஒரே இடத்தில் சுற்றினாள். ஓரிலக்கக் கணக்குகளை எல்லாம் சரியாகச் செய்வாள். ஈரிலக்கத்திற்கு வந்ததும் தவறுவாள். ‘மெல்லக் கற்பவள்’ என்று கருவி காட்டியது. முன்பு பட்டியலை நம்பியதுபோல் இம்முறை கருவியை நம்பிவிடக் கூடாதே என்று எண்ணி, அவளைத் தாளில் எழுதச் சொன்னோம்.

52லிருந்து 28 போனால் 36. 71லிருந்து 45 போனால் 34. 63லிருந்து 27 போனால் 44 என்று எழுதினாள். மூன்றும் தவறு. ஆனால் மூன்றிலும் ஒரே ஒழுங்கு இருந்தது. எந்த இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்திருக்கின்றாள். இரண்டிலிருந்து எட்டைக் கழிக்க முடியாதாகையால், எட்டிலிருந்து இரண்டைக் கழித்துவிட்டாள். அவள் எண்ணியதே இல்லை என்று சொல்ல முடியுமா? எண்ணித்தான் தவறியிருக்கின்றாள்.

பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சிகளை அவள் கையில் கொடுத்தோம். ஒரு கட்டைப் பிரித்தால் பத்துக் குச்சிகள் கிடைக்கும் என்பதை அவளே கண்டாள். மூன்றாம் நாள் கருவியின் ஏணியில் தானே ஏறிச் சென்றாள்.

இத்தகைய தவறுகளை 1978ஆம் ஆண்டிலேயே பிரவுன், பர்ட்டன் என்னும் இரு ஆய்வாளர்கள் வகைப்படுத்தி, அவற்றைக் கண்டறியக் கணினி நிரல் ஒன்றையும் அமைத்தனர். ஆகவே கருவியால் இயலாது என்று நாம் கூற வரவில்லை. நம் கையிலிருந்த கருவி விடையைப் பார்த்தது, வழியைப் பார்க்கவில்லை. வழியைப் பார்ப்பது ஆசிரியரின் கடமை.

இப்பொழுது நம் பள்ளியில் நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை கணிதப் பாடத்தில் இருபது நிமிடம் கருவியோடு கழிகின்றது. அவ்வேளையில் ஆசிரியர் இரண்டு மூன்று பிள்ளைகளைத் தம்மருகே அமர்த்தி, அவர்கள் எண்ணும் விதத்தைக் கேட்கின்றார். கருவியால் நாம் அடைந்த மிகப் பெரிய நன்மை எதுவெனில், ஒரு பிள்ளையின் பக்கத்தில் அமர ஆசிரியருக்குக் கிடைத்த அந்நேரமே ஆகும்.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். நாள்தோறும் அரைமணி நேரம் உங்கள் கைத்தொலைபேசியைப் பிள்ளையின் பாடத்திற்கு ஒதுக்குங்கள், அருகில் அமருங்கள். விடையை நீங்கள் சொல்லித் தராதீர்கள். சொல்லித் தந்தால் கருவியும் ஏமாறும், நாமும் ஏமாறுவோம். வீட்டில் கருவி இல்லையெனில், இணையத்திற்குப் பணம் இல்லையெனில், கூசாமல் எம்மிடம் கூறுங்கள். தாளில் எழுதித் தருகின்றோம். கூறாமல் விட்டால், நம்மைப் போன்ற ஒருவர் மீண்டும் தவறான இரு சொற்களை எழுதிவிடக் கூடும்.

மாணவச் செல்வங்களே! தவறான விடைக்காக வெட்கப்படாதீர்கள். அதற்கு எவ்வழியாக வந்தீர்கள் என்பதை எங்களிடம் கூறுங்கள். நீங்கள் அழித்து எழுதும் ஒவ்வொரு முறையும் ஒருபடி உயர்கின்றீர்கள்.

அப்பழைய பட்டியலை நாம் கிழித்தெறியவில்லை. ‘அக்கறை இல்லை’ என்ற சொற்களை அடித்து, அவற்றின் மேல் ‘கருவி மாலையில் வரும்’ என்று எழுதி, நம் மேசை இழுப்பறையில் வைத்திருக்கின்றோம். புதிய ஆசிரியர் எவரேனும் பணியில் சேர்ந்தால், முதலில் அதனையே எடுத்துக் காட்டுகின்றோம்.

வளர்க நம் பள்ளி! வாழ்க தமிழ்!