அசைவதும் அசையாததும்

காப்புறுதி என்றதும் எங்களில் பலருக்கு ஞாபகம் வருவது ஆயுட்காப்புறுதிதான். முகவர் ஒருவர் வந்து விறாந்தையில் இருந்து கதைப்பார். மாதம் இவ்வளவு கட்டினால் போதும் என்பார். "இப்ப வசதியில்லைத் தம்பி, பிறகு பார்ப்பம்" என்று சொல்லி அனுப்பிவிடுவோம். வீட்டுக்கும் காப்புறுதி இருக்கிறது, அதிலும் கட்டடத்துக்கு வேறு, உள்ளே இருக்கும் பொருட்களுக்கு வேறு என்பதை ஆறுதலாக இருந்து எங்களுக்குச் சொல்லித் தருபவர்கள் குறைவு. இது வசதியானவர்கள் மட்டும் அறிய வேண்டிய விடயம் அல்ல சகோதரிகளே. ஒரு தடவை எல்லாவற்றையும் இழந்து, திரும்பவும் ஒவ்வொன்றாகச் சேர்த்தவர்களுக்கே இந்த வேறுபாடு கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் வசிக்கிறேன். தையல்தான் தொழில். 2010 இல் முகாமில் இருந்து திரும்பி வந்தபோது எங்கள் வளவில் மிஞ்சியிருந்தது கிணறு மட்டுமே. பின்னர் இந்திய வீட்டுத் திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபா பகுதி பகுதியாகக் கிடைத்து வீடு எழும்பியது. அந்தக் காசு சுவருக்கும் கூரைக்கும் உரியது. உள்ளே இருப்பவை என் உழைப்பில் வந்தவை. கட்டில் சீட்டுக் காசில் வந்தது. அலுமாரி இரண்டு தீபாவளிக்குத் தைத்த கூலியில் வந்தது. தையல் மெசினுக்கு மகளின் காப்பு அடகில் இருந்து மீண்டு, மறுபடியும் அடகுக்குப் போனது.

2018 மார்கழி 21 ஆம் திகதி இரவு பெய்த மழையை எங்கள் பக்கத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பல கிராமங்களுக்குள் வெள்ளம் புகுந்தது. எங்கள் ஒழுங்கையின் பள்ளப் பக்கத்தில் இருக்கும் அக்கா ஒருவரின் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். அவர் கணவனை இழந்தவர். சீதனக் காணி, உறுதி அவருடைய பெயரிலேயே இருக்கிறது. அதை ஈடு வைத்து ஒரு வங்கியில் கடன் எடுத்து இரண்டு அறைகள் கூட்டிக் கட்டியிருந்தார். கடனோடு சேர்த்துக் காப்புறுதிக்கும் வருடா வருடம் காசு கழிக்கப்பட்டது.

தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் சுவர் நின்றது, கூரை நின்றது. மெத்தை, குளிர்சாதனப் பெட்டி, பிள்ளைகளின் புத்தகங்கள், மூன்று மூட்டை நெல், மா அரைக்கும் மெசின் எல்லாம் பழுதாகிவிட்டன. மா இடித்து, அரைத்துப் பைக்கற்றில் கடைகளுக்குக் கொடுத்துத்தான் அந்தக் குடும்பம் சீவித்தது. அரச உதவிக்குக் கிராம அலுவலர் பதிந்துகொண்டு போனார், அது வேறு விடயம். காப்புறுதியில் இருந்து அக்காவுக்குக் கிடைத்தது வெடித்த நிலத்துக்கும் ஊதிப்போன இரண்டு கதவுகளுக்கும் உரிய காசு மட்டுமே. அதிலும் ஆரம்பத் தொகை ஒன்றைக் கழித்துக்கொண்டே கொடுத்தார்கள். மெசினைப் பற்றிக் கேட்டபோது, "உங்கட காப்புறுதி கட்டடத்துக்கு மட்டும்தான் அம்மா" என்று பதில் வந்தது.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. வங்கி தன்னுடைய கடனுக்கு ஈடாக இருப்பதைப் பாதுகாக்கிறது. ஈடாக இருப்பது கட்டடம். எங்கள் மெத்தையும் மெசினும் வங்கிக்கு ஈடு அல்ல. ஆகவே கடனுக்காகப் போடப்படும் காப்புறுதி பெரும்பாலும் சுவரோடு நின்றுவிடும். உள்ளே இருப்பதைப் பற்றி நாங்களாகத்தான் கேட்க வேண்டும்.

பிறகு அக்காவோடு நானும் காப்புறுதிக் கம்பனி ஒன்றின் கிளைக்குப் போனேன். அங்கே இருந்த பிள்ளை நல்ல பொறுமைசாலி.

"உறுதியில அசையும் ஆதனம், அசையா ஆதனம் எண்டு எழுதுறதைப் பாத்திருப்பியள்தானே அன்ரி? அதே கதைதான். அத்திவாரம், சுவர், கூரை, நிலத்துச் சீமெந்து, கதவு, யன்னல், வயரிங், மலசலகூடம் எல்லாம் கட்டடம். கட்டில், அலுமாரி, உடுப்பு, சட்டி பானை, ரி.வி. எல்லாம் வீட்டுப் பொருள்."

"பிள்ளை, நாங்கள் 2008 இல இடம்பெயரேக்க கூரைத் தகரத்தையும் கழட்டி உழவு மெசின் பெட்டியில ஏத்திக்கொண்டு போன சனம். கதவு, யன்னலையும் விடேல்லை. எங்களுக்கு எல்லாமே அசையிறதுதான்" என்றேன்.

அந்தப் பிள்ளை சிரித்தது. பிறகு சிரிப்பை நிறுத்தி, "எங்கட அம்மாவும் அப்பிடித்தான் கொண்டு போனவ" என்றது. "ஆனா கூரையில பூட்டியிருக்கேக்க அது கட்டடம்தான் அன்ரி. தூக்கலாமோ எண்டு நாங்கள் பாக்கிறேல்லை, வீட்டோட சேத்துப் பூட்டியிருக்கோ எண்டுதான் பாப்பம்."

மின்விசிறி, தண்ணீர்ப் பம்பி, மதில், படலை போன்றவை எந்தப் பக்கம் சேரும் என்பது கம்பனிக்குக் கம்பனி மாறலாம். கேட்டு, பத்திரத்தில் எழுதுவித்துக்கொள்வதே நல்லது.

அடுத்தது பெறுமதி. கட்டடத்துக்குக் காணியின் விலையைச் சேர்க்கக் கூடாது. காணி எரியாது, வெள்ளத்தில் போகாது. அதே வீட்டை இன்றைய சீமெந்து, கம்பி, மேசன் கூலி விலையில் திரும்பக் கட்ட என்ன முடியுமோ அதுதான் பெறுமதி. அன்று ஐந்தரை இலட்சத்தில் எழும்பிய வீட்டை இன்று அந்தக் காசில் கட்ட முடியாது. கட்டுப்பணம் குறையட்டும் என்று பெறுமதியைக் குறைத்துப் போட்டாலும் ஆபத்து உண்டு. 20 இலட்சம் பெறுமதியான வீட்டை 10 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருந்தால், 4 இலட்சம் சேதம் வரும்போது 2 இலட்சம்தான் கிடைக்கும். பாதிக்குக் காப்புறுதி செய்தால் சேதத்திலும் பாதிதான் என்பது கணக்கு.

பொருட்களுக்கும் சில நிபந்தனைகள் உண்டு. நகைக்கு ஓர் எல்லை வைத்திருப்பார்கள், பெறுமதியானதைத் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். களவு என்றால் பூட்டையோ கதவையோ உடைத்து வந்ததற்கான அடையாளம் கேட்பார்கள். தொழில் செய்யும் மெசினையும் விற்பனைக்கு வைத்திருக்கும் சாமானையும் சாதாரண வீட்டுப் பொருளாக எடுக்காமல் விடலாம். "இதில் நான் உழைக்கிறேன்" என்று முதலிலேயே சொல்ல வேண்டும். ஆடு, மாடு, வள்ளம், பயிர் இவற்றுக்கு வேறு காப்புறுதி. வெள்ளமும் புயலும் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். யுத்த அழிவுக்கு வழக்கமாகக் காப்புறுதி இல்லை. கலவரம், பயங்கரவாதம் என்பவற்றை வேண்டுமென்றால் மேலதிகமாகக் கட்டிச் சேர்க்க வேண்டும்.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில் பெண்களாகிய எங்களுக்கு ஒரு நன்மையும் இருக்கிறது. வீடு தம்பியின் பெயரில் இருக்கலாம், காணாமற்போன கணவனின் பெயரில் இருக்கலாம், வாடகை வீடாகவும் இருக்கலாம். அப்படியானால் கட்டடத்துக்குக் காப்புறுதி எடுக்கப் போகும்போது உறுதியைப் பற்றிய கேள்வி வரும். உள்ளே இருக்கும் உங்கள் பொருளுக்கு வீட்டின் உறுதி உங்கள் பெயரில் இருக்க வேண்டியதில்லை. தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண் தன் அசையா ஆதனத்தை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கிறது 1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். அசையும் ஆதனத்துக்கு அந்தத் தடை இல்லை. மெசினும் அலுமாரியும் எங்களுடையவை என்று சொல்ல நாங்கள் யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை.

எல்லோரும் நாளைக்கே போய்க் காப்புறுதி எடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கட்டுவதற்குக் கையில் காசும் இருக்க வேண்டும். ஆனால் கடன் எடுத்தவர்கள் அந்தப் பத்திரத்தைக் கேட்டு வாங்கி, கட்டடத்துக்கா, பொருளுக்கா, இரண்டுக்குமா என்று பாருங்கள். தமிழில் விளக்கம் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

காசு இல்லாதவர்களும் செய்யக்கூடிய ஒன்று உண்டு. பள்ளத்து வீட்டு அக்கா இப்போது பொருட்களுக்கும் கட்டுகிறார், மெசின் தனியாக எழுதப்பட்டிருக்கிறது. அதற்காக அவருடைய மகள் ஒரு கொப்பியில் வீட்டுச் சாமான் எல்லாவற்றையும் வாங்கிய ஆண்டு, விலையோடு எழுதி, பற்றுச்சீட்டுகளையும் ஒட்டினாள். படமும் எடுத்து, ஒரு பிரதியை வவுனியாவில் உள்ள சித்தியிடம் கொடுத்து வைத்திருக்கிறாள். அந்தக் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்த அக்கா, "2009 இல விட்டிட்டு வந்த சாமானுக்கும் இப்பிடி ஒண்டு இருந்திருந்தால், என்னட்டை என்னென்ன இருந்தது எண்டாவது பிள்ளையளுக்குக் காட்டியிருப்பன்" என்றார்.

அன்று இரவே நானும் ஒரு கொப்பி எடுத்தேன். முதல் வரியில் தையல் மெசினை எழுதினேன்.